வேலை இருக்கும் இடமும் ஆள் இருக்கும் இடமும்

1

நகரங்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் பெரும்பகுதி வீடுகளைப் பற்றியதாகவே இருக்கிறது. எந்தத் தெருவில் எந்தச் சாதி, எந்தக் குப்பத்துக்குத் தண்ணீர் வரவில்லை, எந்த நகரில் மனை என்ன விலை என்றெல்லாம் பேசுகிறோம். வேலைகள் எங்கே குடியிருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. அரசின் கணக்கெடுப்பும் இதில் நம்மைப் போலத்தான். மக்கள்தொகைக் கணக்கு என்பது ஓர் ஆள் ராத்திரி எங்கே படுக்கிறார் என்கிற கணக்கு. பகலில் அவர் எங்கே நிற்கிறார், யாருக்காக நிற்கிறார் என்பது அதில் அரைகுறையாகவே பதிவாகும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் 'நீங்கள் வேலை செய்யும் இடம் எது?' என்ற கேள்வி நுழைந்ததே 1960இல்தான். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் தூரமும் வாகனமும் கேட்கப்பட்டன. ஆனால் விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத 'பிற தொழிலாளர்'களிடம் மட்டுமே கேட்கப்பட்டன.

ஆக, ஒவ்வொரு பெருநகரத்துக்கும் இரண்டு வரைபடங்கள் உண்டு. ஒன்று இரவு வரைபடம், இன்னொன்று பகல் வரைபடம். இந்த இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அந்த இடைவெளியை யார் தினமும் கடக்கிறார்கள், அதற்கான காசையும் நேரத்தையும் யார் கொடுக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

'இதுல என்ன இருக்கு, கம்பெனிக்கு எங்க தோதோ அங்க வைக்கிறான், ஜனங்க எங்க முடியுதோ அங்க குடியிருக்கு' என்று சொல்லிவிடலாம். பொருளியல் பாடநூல்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கின்றன, கணிதக் குறியீடுகளோடு. இப்படி இயல்பானதாகத் தோன்றும் ஒன்று எப்படிக் கட்டப்பட்டது என்பதை அமெரிக்க நகரங்களின் வரலாற்றினூடே முதலில் பார்ப்போம். இந்த விவாதம் பிறந்த இடம் அது. பிறகு சென்னைக்கு வருவோம்.

2

1826இல் வான் த்யூனென் என்ற ஜெர்மானிய நிலக்கிழார் ஒரு புத்தகம் எழுதினார். சமவெளி ஒன்றின் நடுவே ஒரே ஒரு நகரம் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டார். சீக்கிரம் கெட்டுப்போகும் பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டி விளையும். அடுத்த வளையத்தில் விறகுக்கான காடு, அதற்கடுத்துத் தானியம், கடைசியில் மேய்ச்சல். தூரம் கூடக்கூட வண்டிச் செலவு கூடும், அதற்கேற்ப நிலத்தின் வாடகை குறையும். அவ்வளவுதான் சங்கதி.

சரியாக நூறு வருஷத்துக்கு ஓராண்டு முன்னால், 1925இல், சிகாகோ சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜஸ் இதே போல வளையம் வளையமாகச் சிகாகோவை வரைந்தார். நடுவில் வணிகம், அதைச் சுற்றிப் புதிதாக வந்திறங்கிய ஏழைகள், பிறகு தொழிலாளர், பிறகு நடுத்தர வர்க்கம், கடைசியில் ரயிலில் வந்துபோகும் வசதிக்காரர்கள். 1964இல் வில்லியம் அலோன்ஸோ இதையே பொருளியல் மாதிரியாக ஆக்கினார். மில்ஸ், மூத் ஆகியோர் அதை விரித்தார்கள். வேலை எல்லாம் நடுவில் ஒரு புள்ளியில் இருக்கிறது. குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு கணக்குப் போடுகிறது: பக்கத்தில் இருந்தால் பயணச் செலவு மிச்சம், தள்ளிப் போனால் அதே காசுக்குப் பெரிய வீடு. அமெரிக்கப் பணக்காரர்கள் புறநகருக்குப் போனதற்கும் இதிலேயே விளக்கம் கிடைத்துவிட்டது. அவர்களுக்குப் பெரிய தோட்டத்தின் மீது பிரியம் அதிகமாம்.

இம்மாதிரி முழுக்கத் தப்பு என்று சொல்வதற்கில்லை. நில விலை மையத்திலிருந்து சரிவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, கேள்வி எங்கே நிறுத்தப்பட்டது என்பதை. வேலைகள் நடுவில் 'இருக்கின்றன' என்று தொடங்கிவிடுகிறார்கள். யார் வைத்தது, ஏன் வைத்தது, வைத்தவன் அதைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் மாதிரிக்கு வெளியே தள்ளப்படுகின்றன. வேலை ஓர் இயற்கைப் பொருள், மலை மாதிரி, ஆறு மாதிரி. நகர்வதும் தேர்வதும் மனிதர்கள் மட்டுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேலைகள் நடுவில் குவிந்திருந்ததற்குக் காரணங்கள் உண்டு. துறைமுகமும் ரயில் நிலையமும் அங்கே இருந்தன. அங்கிருந்து சரக்கைக் குதிரை வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோவது அதிகச் செலவு பிடிக்கும் காரியம். மனிதர்களை நடக்கவிடுவதும் டிராமில் ஏற்றுவதும் மலிவு. ஆகவே சரக்கு நகராமல் இருந்தது, ஆள் நகர்ந்தான். தொழிற்சாலைக்குள்ளேயும் ஒரே நீராவி எந்திரத்திலிருந்து தண்டும் பெல்ட்டும் வழியாக எல்லா எந்திரங்களையும் ஓட்ட வேண்டியிருந்ததால் கட்டடம் மாடிமாடியாக உயர்ந்தது. பிறகு லாரி வந்தது, ரயிலடியை விட்டு விலக முடிந்தது. ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனி மின்மோட்டார் வந்தது, கட்டடம் தரையோடு படுத்துக்கொள்ள முடிந்தது. அசெம்ப்ளி லைனுக்கு நீளமான ஒற்றைத் தளம் வேண்டும், அதற்கு ஏக்கர் கணக்கில் மலிவான நிலம் வேண்டும். நகரத்தின் நடுவில் அது கிடையாது.

இது தொழில்நுட்பக் காரணம். டேவிட் கார்டன் என்ற இடதுசாரிப் பொருளியலாளர் 1978இல் இதோடு இன்னொன்றைச் சேர்த்தார். லாரி பரவலாவதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, ஆலைகள் வெளியேறத் தொடங்கிவிட்டன. நகரத்தின் நெருக்கமான தொழிலாளர் குடியிருப்புகளில் ஓர் ஆலையின் வேலைநிறுத்தம் பக்கத்து ஆலைக்குத் தொற்றியது. முதலாளிகள் தொற்று பரவாத இடத்தைத் தேடினார்கள் என்றார் அவர். இந்த வாதத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் ஆலை எங்கே வைப்பது என்ற முடிவுக்குள் நிலம், வண்டிக்கூலி தவிர, தொழிலாளரை எவ்வளவு சிதறடித்து வைக்கலாம் என்ற கணக்கும் உண்டு என்பதை இதற்குப் பிறகு யாரும் மறைக்க முடியவில்லை.

3

டெட்ராய்ட்டைப் பார்ப்போம். மோட்டார் கார்களின் தலைநகரம். 1950இல் அதன் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம். 2010இல் 7.13 லட்சம். 2013 ஜூலையில் நகர நிர்வாகம் திவால் மனுத் தாக்கல் செய்தது. நடுவில் என்ன நடந்தது?

'1967 கலவரத்துக்குப் பின் வெள்ளையர் ஓடிவிட்டார்கள், ஊர் கெட்டுப்போச்சு' என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. 43 பேர் செத்த அந்தக் கலவரத்தை யாரும் சின்னதாக்க வேண்டியதில்லை. ஆனால் வேலைகள் அதற்கு இருபது வருஷம் முன்பே கிளம்பிவிட்டன. வரலாற்றாசிரியர் தாமஸ் சக்ரூ 1996இல் வெளிவந்த தன் நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். 1947க்கும் 1958க்கும் இடையே மூன்று பெரிய கார்க் கம்பெனிகளும் டெட்ராய்ட் பெருநகரப் பகுதியில் 25 புதிய ஆலைகள் கட்டின. அத்தனையும் புறநகர்களில். நகர எல்லைக்குள் ஒன்றுகூட இல்லை.

ஆலை வெளியே போனால் தொழிலாளியும் பின்னாலேயே போய்விடலாமே? அலோன்ஸோவின் மாதிரி அப்படித்தான் சொல்லும். வெள்ளைத் தொழிலாளி போனார். கறுப்புத் தொழிலாளி போக முடியவில்லை. 1934இல் தொடங்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது, கறுப்பர் வாழும் பகுதிகளையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் 'ஆபத்தானவை' என்று ஒதுக்கியது. 1941இல் டெட்ராய்ட்டின் வடமேற்கில் ஒருவர் வெள்ளையருக்கு வீடு கட்டி விற்கப் பார்த்தார். பக்கத்தில் கறுப்பர் குடியிருப்பு இருந்ததால் உத்தரவாதம் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில் சுமார் அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார். கிடைத்துவிட்டது. அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதும் வழக்கத்தை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது. பத்திரத்தில் எழுதுவது நின்றாலும் தரகரும் வங்கியும் அக்கம்பக்கத்தாரும் அந்த வேலையைத் தொடர்ந்து செய்தார்கள்.

1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. 41,000 மைல் சாலை, செலவில் 90 சதம் மத்திய அரசுடையது. டெட்ராய்ட்டில் கறுப்பர் கடைகளும் இசைக்கூடங்களும் நிறைந்திருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவின் மீதே ஒரு விரைவுச் சாலை போடப்பட்டது. வேலைகள் வெளியேறுவதற்கான பாதை, வேலை இழந்தவர்களின் வீடுகளை இடித்துக்கொண்டு போனது.

1968இல் ஜான் கெய்ன் என்ற பொருளியலாளர் டெட்ராய்ட், சிகாகோ தகவல்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வீட்டுப் பிரிவினை கறுப்பருக்கான வேலைகளின் எண்ணிக்கையையே குறைக்கிறது, ஆலைகள் புறநகருக்குப் போவது அதை மேலும் மோசமாக்குகிறது என்பது அவரது வாதம். 'இடப் பொருத்தமின்மை' என்ற பெயர் இதற்குப் பின்னால் வந்தது. பொருளியலின் மொழியிலேயே பொருளியலின் இயல்பான நகரத்தை உடைத்தது என்பதால் இக்கட்டுரை முக்கியமானது. சுதந்திரமாகத் தேர்வு செய்யும் குடும்பம் என்ற புனைவு இங்கே செல்லுபடியாகவில்லை. ஒரு சாராருக்குத் தேர்வே கிடையாது.

இதற்கு முன்பே, 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதி எரிந்தது. 34 பேர் இறந்தார்கள். விசாரித்த மக்கோன் குழு, வேலையில்லாமையோடு பஸ் இல்லாமையையும் ஒரு காரணமாகச் சொன்னது. கார் இல்லாதவருக்கு அந்த ஊரில் வேலைக்குப் போக வழியில்லை. புதிய பஸ் தடம் விடப்பட்டது. நோயைக் கண்டுபிடித்துவிட்டு அதற்குப் பஸ்சை மருந்தாகக் கொடுத்தார்கள். டெட்ராய்ட்டில் அதுகூட ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்துக்கு ஒரு பஸ் நிர்வாகம், புறநகருக்கு வேறு நிர்வாகம். புறநகர் ஊராட்சிகள் விரும்பினால் பஸ்சே வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம் என்ற விதி 1995இல் வந்தது, பல ஊர்கள் விலகின. நகரத்திலிருந்து யார் பஸ்சில் வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். சுவரைக் கான்கிரீட்டில்தான் கட்ட வேண்டும் என்பதில்லை.

4

லாஸ் ஏஞ்சல்ஸ் வேறு விதமான கதை. மையம், விளிம்பு என்று நாம் பேசிவருவதைக் கொஞ்சம் சிக்கலாக்கும் கதையும்கூட.

1945இலேயே ஹாரிஸ், உல்மன் என்ற இரு புவியியலாளர்கள் நகரத்துக்கு ஒரே மையம் என்பதை மறுத்துப் பல கருக்களைப் பற்றி எழுதினார்கள். 1991இல் ஜெனிவீவ் ஜூலியானோ, கென்னத் ஸ்மால் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் வேலைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஏக்கருக்கு 10 வேலைக்குக் குறையாமலும் மொத்தம் 10,000 வேலைக்குக் குறையாமலும் இருந்தால் அது ஒரு மையம் என்று வைத்துக்கொண்டார்கள். 1980ஆம் ஆண்டின் தகவல்படி 32 மையங்கள் தேறின. இந்த 32ஐயும் சேர்த்தாலும் வட்டாரத்தின் மொத்த வேலைகளில் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு எந்த மையத்திலும் இல்லை. கடை, பள்ளிக்கூடம், கிளினிக், கிடங்கு, பட்டறை என்று பரந்து கிடந்தன.

அதே 1991இல் ஜோயல் காரோ என்ற பத்திரிகையாளர் 'விளிம்பு நகரம்' என்ற சொல்லைப் பிரபலமாக்கினார். 50 லட்சம் சதுர அடி அலுவலகம், 6 லட்சம் சதுர அடி கடைப் பரப்பு, படுக்கையறைகளைவிட அதிக வேலைகள் என்று இலக்கணம் வகுத்தார். வாஷிங்டனுக்கு வெளியே உள்ள டைசன்ஸ் கார்னர் அதற்குப் பேர்போன உதாரணம். 2009இல் ப்ரூக்கிங்ஸ் நிறுவனத்தின் ஆய்வு 98 பெருநகரப் பகுதிகளை எடுத்துக்கொண்டது. 2006இல் அவற்றின் வேலைகளில் 21 சதமே நகர மையத்திலிருந்து மூன்று மைலுக்குள் இருந்தன, 45 சதம் பத்து மைலுக்கு அப்பால் போய்விட்டன.

நம் சிறுபத்திரிகைகளில் 'மையமழிப்பு' என்ற சொல்லைக் கொண்டாடியதுண்டு. மையம் என்றால் அதிகாரம், மையம் சிதைந்தால் விடுதலை என்பது ஒரு சமன்பாடு. எட்வர்ட் சோஜா போன்றவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸைப் பின்நவீன நகரத்தின் முன்மாதிரியாகப் பார்த்தபோது நமக்கும் அதில் ஓர் ஈர்ப்பு இருந்தது. ஆனால் இந்த நகரத்தில் மையம் அழிந்ததால் யார் விடுதலையடைந்தார்கள்? தென் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டியிருந்த ரப்பர், கார் ஆலைகள் 1980ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் அடுத்தடுத்து மூடப்பட்டன. சங்கம் வைத்து, நல்ல கூலி வாங்கிய கறுப்பு, மெக்சிகத் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். புதிய வேலைகள் வந்தன, நாற்பது ஐம்பது மைல் தள்ளி. வேலைகள் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு ரயிலோ டிராமோ எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆயிரம் இடத்தில் இருந்தால் கார்தான் வழி. கார் வாங்க வேலை வேண்டும், வேலைக்குப் போகக் கார் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சாஸ்கியா சாசன் 1991இல் நியூயார்க், லண்டன், டோக்கியோ பற்றி எழுதிய நூலில் காட்டியது போல, உற்பத்தி எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவுக்கு அதை மேலாண்மை செய்யும் வேலைகள் சில இடங்களில் குவிகின்றன. வங்கி, சட்டம், கணக்கு, விளம்பரம் ஆகியவை நடுவிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அங்கே ராத்திரியில் தரை துடைப்பவரும் தேவைப்படுகிறார். எனவே சிதறியது மையம் என்று சொல்வதைவிட, சிதறடிக்கப்பட்டது தொழிலாளர் கூட்டம் என்று சொல்வதே பொருத்தம். முடிவெடுக்கும் இடம் ஒன்றாகவும் உழைக்கும் இடம் பலவாகவும் ஆனது.

இதை எதிர்த்து நடந்த ஒரு போராட்டத்தைக் குறிப்பிட வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் போக்குவரத்து நிர்வாகம் புறநகர் ரயிலுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுப் பஸ் கட்டணத்தை உயர்த்தியது. பஸ்சில் போகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளையரல்லாத ஏழைகள். பஸ் பயணிகள் சங்கமும் தோழமை அமைப்புகளும் இது இனப் பாகுபாடு என்று 1994இல் வழக்குப் போட்டன. 1996இல் நிர்வாகம் உடன்பாட்டுக்கு வந்தது. கூட்டத்தைக் குறைக்கவும் கட்டணத்தைக் கட்டுப்படுத்தவும் ஒப்புக்கொண்டது. ஆலை வாசலில் கூட முடியாதவர்கள் பஸ்சுக்குள் கூடினார்கள்.

5

கெய்னின் வாதத்துக்கு வலுவான ஒரு மறுப்பு வந்தது. டேவிட் எல்வுட் 1986இல் சிகாகோவின் இளைஞர்களை ஆராய்ந்தார். மேற்குப் பகுதிக் கறுப்பருக்கு வேலைகள் கிட்டத்தில் இருந்தன, தெற்குப் பகுதிக் கறுப்பருக்குத் தூரத்தில். இரு பகுதிகளிலும் வேலையில்லாமை ஏறக்குறைய ஒன்றேதான். அதே வேலைகளுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளை இளைஞர்களுக்கோ வேலை கிடைத்தது. காரணம் இடமல்ல, இனம் என்று அவர் முடித்தார்.

இது நமக்குப் புரியாத விஷயம் அல்ல. அக்கிரகாரமும் சேரியும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன.

அப்படியானால் தூரம் பற்றிய பேச்சே வீணா? 1994இல் அமெரிக்க அரசு ஒரு சோதனை தொடங்கியது. ஐந்து பெருநகரங்களின் அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களில் ஒரு பகுதியினருக்குக் குலுக்கல் முறையில் வறுமை குறைந்த பகுதிகளில் குடியேற உதவி தரப்பட்டது. பெரியவர்களின் சம்பாத்தியம் இதனால் கூடவில்லை. வேலை உலகில் அவர்கள் மீது குத்தப்பட்ட முத்திரை வீட்டு முகவரியோடு மாறிவிடவில்லை. ஆனால் 2016இல் செட்டி, ஹெண்ட்ரன், காட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வில் வேறொன்று தெரிந்தது. பதின்மூன்று வயதுக்கு முன்பு இடம் மாறிய குழந்தைகள் இருபதுகளின் நடுவில் சம்பாதித்தது மற்றவர்களைவிட ஏறத்தாழ 31 சதம் அதிகம். தூரமும் இனமும் ஒன்றுக்கொன்று மாற்று விளக்கங்கள் அல்ல. இனம் தூரத்தை உண்டாக்குகிறது, தூரம் தலைமுறை கடந்து இனத்தை உறுதி செய்கிறது.

பெண்களைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மறுபடியும் மாறும். சூசன் ஹான்சன், ஜெரால்டின் ப்ராட் இருவரும் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரை ஆராய்ந்து 1995இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பிள்ளை, சமையல், வயசானவர்கள் எல்லாம் தலையில் இருப்பதால் பெண்கள் பக்கத்திலேயே வேலை தேடுகிறார்கள். இது முதலாளிக்கும் தெரியும். எந்தப் பகுதியில் பெண்கள் குறைந்த கூலிக்குக் கிடைப்பார்கள் என்று பார்த்தே அங்கு நிறுவனத்தை அமைக்கிறார். அதாவது வேலை தேடி ஆள் போவது மட்டுமல்ல, மலிவான ஆளைத் தேடி வேலையும் வருகிறது.

இன்னும் அடிப்படையான சிக்கல் ஒன்று. 'வேலை எங்கே இருக்கிறது' என்ற கேள்வி, வேலைக்கு ஒரு முகவரி உண்டு என்று முன்கூட்டியே வைத்துக்கொள்கிறது. வீட்டுத் திண்ணையில் அப்பளம் இடுகிறவர், பூக்கட்டுகிறவர், தள்ளுவண்டிக்காரர், ஒரு நாளில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், இன்று செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பாடு கொண்டு ஓடுகிற பையன் இவர்களுடைய வேலை எங்கே இருக்கிறது? ஏக்கருக்குப் பத்து வேலை என்று எண்ணும் முறையில் இவர்கள் எந்த ஏக்கரிலும் விழமாட்டார்கள்.

6

இப்போது சென்னை. அமெரிக்காவில் உருவான கோட்பாட்டை இங்கே அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது. பொருந்தாத இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

நூறாண்டுக்கும் மேலாகச் சென்னையின் தொழிற்கூலி வேலைகள் வடக்கில் இருந்தன. துறைமுகம், ரயில்வே பட்டறைகள், பெரம்பூரின் பின்னி ஆலைகள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் 1921இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்ததும் அந்த மண்ணில். ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே நடை தூரம். 1955இல் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் பெரம்பூரில்தான் வந்தது. பிறகு கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள், எண்ணூர், மணலி. 1990களில் திசை மாறியது. பின்னி ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அதே ஆண்டு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது, பழைய மகாபலிபுரம் சாலை கம்ப்யூட்டர் சாலையாயிற்று. மொத்தக் காய்கறிச் சந்தை 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனது. வெளியூர்ப் பேருந்து நிலையம் 2002இல் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்கும், 2023 டிசம்பரில் அதன் பெரும்பகுதி கிளாம்பாக்கத்துக்கும் போனது. ஒவ்வொரு நகர்வுக்கும் நெரிசல் என்று காரணம் சொல்லப்பட்டது. சுமை தூக்குபவர், டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லோருடைய பிழைப்பும் கூடவே பெயர்த்து வைக்கப்படும் என்பது திட்டத்தில் ஒரு வரியாகக்கூட வராது.

இதுவரை டெட்ராய்ட் மாதிரியே தெரிகிறது. வித்தியாசம் இதற்குப் பின்தான். அமெரிக்காவில் வேலைகள் வெளியேறின, ஏழைகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சென்னையில் ஏழைகளையே வெளியேற்றினார்கள், அவர்களுடைய வேலைகள் உள்ளே இருந்தன. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக்கொடுப்பது பெருவழக்காக இருந்தது. 2000ஐ ஒட்டி அது மாறியது. கூவம், அடையாற்றங்கரைகளிலும் ரயில் தடங்களை ஒட்டியும் வாழ்ந்தவர்களைக் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றினார்கள். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். சுனாமிக்குப் பின் மீனவர் குடும்பங்களைச் செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோனார்கள், கடலிலிருந்து தள்ளி. 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரை மக்கள் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். இவர்களில் பெரும்பாலோர் தலித்துகள் என்பதைத் தற்செயல் என்று நினைக்க இயலாது. ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய இலக்கணத்தை மாநகர விரிவாக்கம் புதிய அளவுகோலில் எழுதிக்கொண்டது.

வீடு கிடைத்ததே, அதுவும் பக்கா வீடு என்பார்கள். சிந்தாதிரிப்பேட்டையிலோ மந்தைவெளியிலோ நாலு வீட்டில் வேலை செய்தவர் இருபது கிலோமீட்டர் தள்ளிப்போனால் நாலில் இரண்டு வீடு போய்விடும். காலை ஆறரைக்கு வாசல் தெளிக்க அவர் எத்தனை மணிக்குப் பஸ் பிடிக்க வேண்டும்? கடையில் முன்பணம் வாங்குவது, தெரிந்தவர் மூலம் கூலி வேலை கிடைப்பது, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போவது இவையெல்லாம் அந்த இடத்தோடு பின்னிக் கிடந்தவை. ஹென்றி லெஃபெவர் 1974இல் வெளி என்பது உற்பத்தி செய்யப்படுகிறது என்று எழுதினார். குடிசைவாசிகள் பல பத்தாண்டுகளாக உற்பத்தி செய்த ஒரு வெளியை ஒரே பகலில் இடித்துவிட்டு, சதுர அடிக் கணக்கில் ஈடு கொடுத்தாயிற்று என்கிறது அரசு.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். கண்ணகி நகர் இருப்பது கம்ப்யூட்டர் சாலையை ஒட்டி. இடப் பொருத்தமின்மை என்ற கோட்பாட்டின்படி பார்த்தால் இவர்களைவிட வேலைக்குப் பக்கத்தில் சென்னையில் யாருமே இல்லை. லட்சக்கணக்கான வேலைகள் நடந்து போகும் தூரத்தில். அந்த வேலைகளுக்கு வேளச்சேரியிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் ஏ.சி. பஸ்சில் ஆள் வருகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது ஒப்பந்தக்காரர் மூலம் துப்புரவு, காவல், சமையற்கட்டு. முகவரியில் கண்ணகி நகர் என்று இருந்தால் அதற்கும் யோசிக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். சிகாகோவில் எல்வுட் கண்டது இங்கே நம் கண்முன் இருக்கிறது. இனம் என்ற இடத்தில் சாதி. கிலோமீட்டரில் அளக்கும் தூரத்தைக் குறைத்தாலும் இன்னொரு தூரம் குறைவதில்லை. ஆனால் கிலோமீட்டரைக் கூட்டும்போது அந்த இன்னொரு தூரம் நிச்சயமாகக் கூடுகிறது.

மேற்கே வேறு ஏற்பாடு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் செல்போன், மின்னணு ஆலைகள் ஊருக்குள் ஆள் தேடுவதைவிட, பக்கத்து மாவட்டக் கிராமங்களுக்குக் கம்பெனி பஸ் விட்டு இளம்பெண்களை அள்ளிக்கொண்டு வருவதை விரும்பின. பிறகு விடுதிகள். ஷிப்டு முடிந்ததும் தொழிலாளர்கள் அறுபது எழுபது கிலோமீட்டர் விட்டத்தில் சிதறிவிடுவார்கள், அல்லது வார்டன் பொறுப்பில் இருப்பார்கள். பெரம்பூரில் ஆலை வாசலுக்கும் தெருமுனைக்கும் நடுவே உருவான சங்கம் இங்கே எந்த இடத்தில் உருவாகும்? 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டினால் பலர் நோயுற்றபோது பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். விடுதிகளில் ஒன்றாகத் தங்கியிருந்ததும் அதற்கு உதவியது. சிதறடிக்கும் ஏற்பாடு தன்னை அறியாமல் ஒன்றுசேர்த்தும் வைத்துவிடுகிறது.

7

1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் நாள் அது. சட்டப்படி அந்தக் கோரிக்கை பிறகு பெருமளவு நிறைவேறியது. ஆனால் எட்டு மணி நேரம் ஆலைக்குள் எண்ணப்படுகிறது. போகவர ஆகும் மூன்று மணி நேரம் யாருடைய கணக்கிலும் வராது. அந்த நேரம் இல்லாமல் எட்டு மணி நேர உழைப்பு ஆலைக்குள் வந்து சேராது. அப்படியானால் அது கூலியில்லாத உழைப்பு நேரம். கம்பெனி மலிவான நிலத்துக்கு நகர்ந்து மிச்சப்படுத்தியதன் ஒரு பங்கைத் தொழிலாளி தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கட்டுகிறார்.

இப்படிப் பார்க்கும்போது சில கோரிக்கைகள் தெளிவாகின்றன. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டதை 'இலவசம்' என்று கேலி செய்தவர்கள் உண்டு. தூரத்தின் செலவை இத்தனை காலம் சுமந்தவர்களிடமிருந்து அதில் ஒரு பகுதி இறக்கி வைக்கப்பட்டது, அவ்வளவே. நேரத்தின் செலவு இன்னும் அவர்கள் தலையில்தான். சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரிக்கப்பட்டது. அந்தப் பரப்புக்குப் போடப்படும் எந்தத் திட்டத்தையும் பார்த்து நாம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். ஒரு குடியிருப்பைப் பெயர்க்கும் முன், அங்குள்ளவர்கள் எங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்று எண்ணினீர்களா? புதிய இடத்திலிருந்து ஒரு மணி நேரத்தில், பஸ்சில், அவர்கள் வாங்கும் கூலிக்குள் போய்வரக்கூடிய வேலைகள் எத்தனை? அந்த வேலைகளில் எத்தனையை அவர்களுக்குக் கொடுப்பார்கள்?

இந்த எண்ணிக்கைகள் இல்லாமல் வரையப்படும் வரைபடம் எதுவானாலும் அது இரவு வரைபடம் மட்டுமே. வீட்டு எண்ணும் தளமும் அதில் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கும். விடியற்காலை நாலரைக்குக் கண்ணகி நகர் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற கூட்டம் அதில் இருக்காது.